அம்மனா? மாத்திரையா?

(ஓட்டப்பிடாரத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



கடவுள் உண்டா இல்லையா என்பதைப் பற்றி இன்று இங்கு பேசுவதாக நமக்கு உத்தேசமில்லை. அதற்கு வேறு எத்தனையோ கூட்டங்கள் இருக்கின்றன. இன்று நாம் பேச வந்திருப்பது உங்கள் தோலைப் பற்றி. "இதென்ன, சுயமரியாதைக்காரர்கள் சாமியை விட்டுவிட்டுச் சொறி சிரங்கைப் பிடித்துக் கொண்டார்களே" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஆனால் சாமியின் பெயரால் இந்த நாட்டில் உயிர் போகிற வழிகளில் தோலின் வழியாய்ப் போவதும் ஒன்று என்பதைக் கடைசிவரை இருந்து கேட்டால் அவர்களும் ஒப்புக் கொள்ளுவார்கள்.

நமது கரிசல் சீமையில் உடம்பில் சிவப்பாக எது தடித்தாலும் முதலில் வாயில் வருகிற வார்த்தை "அம்மை" என்பதுதான். "அம்மா இறங்கியிருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறாள்" என்று சொல்லி, வாசல் நிலையில் வேப்பங்குலையைச் செருகி, வீட்டில் தாளிப்பை நிறுத்தி, அசலார் யாரும் உள்ளே வரக் கூடாதென்றும், மருந்து என்கிற பேச்சே எடுக்கக் கூடாதென்றும் கட்டுப்பாடு செய்து விடுகிறார்கள். பிறகு தலைக்குத் தண்ணீர் விடுவதும், இருக்கன்குடிக்கு நேர்ந்து கொள்ளுவதும் ஆக வேண்டிய காரியங்களாய் விடுகின்றன. வந்தது என்ன நோய், ஏன் வந்தது, அதற்கு முந்திய நாட்களில் இந்த உடம்புக்குள் என்னென்ன போயிற்று என்று கேட்பார் ஒருவருமில்லை.

ஒரு வீட்டை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பதினேழு வயதுப் பையன். அவனுக்கு வலிப்பு வருகிறது. முதலில் பேய் என்று சொல்லி வேப்பிலை அடிக்கிறார்கள். பேய் போகவில்லை. பிறகு யாரோ ஒரு புத்திசாலி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். டாக்டர் கார்பமாசெபின் என்னும் மாத்திரையைக் கொடுக்கிறார். வலிப்பு நின்று விடுகிறது. இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் அடிக்கிறது. கண் சிவக்கிறது. வாயெல்லாம் புண். மார்பிலும் முதுகிலும் சிவந்து தடிக்கிறது. தொட்டால் எரிகிறது என்கிறான். உடனே பாட்டி சொல்லுகிறாள், "பேயை ஓட்டினோமே, அம்மாளுக்கு ஒன்றும் செய்யவில்லையே, அவள் வந்துவிட்டாள்" என்று. ஆஸ்பத்திரி போக்குவரத்து அடைபடுகிறது. ஆனால் மாத்திரையை மட்டும், வலிப்புக்குப் பயந்து, மோரில் கலந்து கொடுத்துக் கொண்டே இருக்கிறார்கள். நாலாம் நாள் கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, வெந்நீர் கொட்டியது போல் தோல் உரிகிறது. உரிந்த இடத்தில் வேப்பிலையால் தடவுகிறார்கள். பிறகு பையன் இல்லை. "அம்மாள் அழைத்துக் கொண்டாள்" என்று முடித்து விடுகிறார்கள்.

தோழர்களே! இது உதாரணத்திற்காக நாம் கட்டிச் சொன்னதுதான். ஆனால் இதில் வருகிற காரியங்களில் எது உங்களுக்குத் தெரியாத காரியம்? வேப்பிலை தெரியாதா? பாட்டியின் பேச்சு தெரியாதா? மோரில் கலந்த மாத்திரை தெரியாதா? தெரியாதது ஒன்றே ஒன்று. அந்தப் பையனுக்கு வந்தது அம்மையல்ல, அவன் சாப்பிட்ட மாத்திரை அவன் உடம்புக்கு ஒவ்வாமல் போனதால் வந்த வினை என்பதுதான் அது. அதைத் தெரிந்து முதல் நாளே மாத்திரையை நிறுத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், பிழைக்க நல்ல வழியிருந்தது.

முதலில் அம்மனின் யோக்கியதையைப் பார்த்து விடுவோம். ஆயிரக்கணக்கான வருஷங்களாக உலகத்தைச் சூறையாடின பெரியம்மை இப்போது எங்கே? 1796-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஜென்னர் என்பவர் மாட்டம்மைப் பாலை எடுத்துக் குத்தி வழி காட்டினார். இந்தியாவில் 1975-ம் வருஷம் மே மாதத்தோடு பெரியம்மை ஒழிந்தது. 1980-ம் வருஷம் மே மாதத்தில் உலகத்திலேயே அந்நோய் இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் விளம்பரப்படுத்திற்று. ஊசிக்குப் பயந்து ஓடிப் போன ஒரு சக்தியைத்தானா நாம் இன்னமும் கூழ் காய்ச்சிக் கூப்பிடுகிறோம்? மிச்சமிருக்கிற சின்னம்மையும் மணல்வாரியும் கிருமியால் வருகிற நோய்கள். இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. ஆக, அம்மை என்றாலே அம்மனில்லை. அப்படியிருக்க, அம்மையே அல்லாத ஒரு காரியத்தை அம்மனிடம் ஒப்படைப்பது எவ்வளவு பெரிய மடமை?

சரி, நல்லதற்கென்று கொடுத்த மாத்திரை ஏன் தோலைக் கெடுக்கிறது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நம் உடம்பில் காவல்காரர்கள் மாதிரி சில அணுக்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் கண்டு கொல்லுவது அவற்றின் வேலை. சில பேருடைய உடம்பில் சில மருந்துகள் போனவுடன், இந்தக் காவல்காரர்கள் அதை எதிரி என்று எண்ணிப் போர் தொடுத்து விடுகின்றன. போர் நடக்கிற களம் பெரும்பாலும் தோல். திருடனைப் பிடிக்கப் போகிற போலீசார் வீட்டுக்காரனையே அடித்து நொறுக்குவது போல, தன் தோலையே உடம்பு அழித்துக் கொள்ளுகிறது.

எல்லோருக்கும் ஏன் அப்படி வருவதில்லை? கரிசலில் விளைகிற பருத்தி செவலில் அதே மாதிரி விளைவதில்லையே, அதற்கு எந்தச் சாமி கோபித்துக் கொண்டது? மண்ணுக்கு மண் வாகு வேறு. உடம்புக்கு உடம்பும் அப்படித்தான். இது வெறும் உவமானமல்ல, கண்டுபிடித்த உண்மை. நாம் சொன்னோமே கார்பமாசெபின், அதனால் தோல் உரிந்த 44 பேரைத் தைவான் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். அந்த 44 பேருக்கும், தாய் தகப்பனிடமிருந்து வந்த ஒரே விதமான பரம்பரைக் குறி ஒன்று அணுக்களில் இருந்தது. அதே மாத்திரையைத் தின்று ஒன்றும் ஆகாதவர்களிலோ, நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் அது இருந்தது. இந்தியர்களிடத்தில் பார்த்து 2009-ல் வெளியிட்டதிலும் எட்டுப் பேரில் ஆறு பேருக்கு அந்தக் குறி இருந்தது. பூர்வ ஜென்ம கர்மம் என்றும் தலையெழுத்து என்றும் சொல்லி வந்தார்களே, அந்த எழுத்தை இப்போது ரத்தத்தை எடுத்துப் படித்து, "இவருக்கு இந்த மாத்திரை ஆகாது" என்று முன்னாடியே சொல்லி விடலாம். படிக்க முடிகிற எழுத்துக்குப் பரிகாரம் எதற்கு?

இனி, மருந்தினால் தோலில் வருகிறவை எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவை சாதாரணமானவை. மருந்து ஆரம்பித்து நாலு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் உடம்பில் இரு பக்கமும் ஒரே மாதிரி சிவப்புப் பொரியல் கண்டு, அரித்து, மருந்தை நிறுத்தினால் சில நாட்களில் அடங்கிவிடும். முன்னமேயே ஒருதரம் ஒவ்வாமல் போன மருந்தானால், இரண்டாம் தடவை ஓரிரு நாளிலேயே வந்து விடும். பெனிசிலின் போன்றவற்றில், ஊசி போட்ட சில நிமிஷத்திலேயே தடித்து, மூச்சு முட்டி, மயக்கம் போடுவதும் உண்டு.

மற்றொன்றைக் கவனியுங்கள். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் உதட்டிலோ, கையிலோ, மர்ம ஸ்தானத்திலோ வட்டமாகச் சிவந்து, கொப்புளித்து, பிறகு கறுத்த தழும்பாய் நிற்கும். ஆறு மாதம் கழித்து அதே மாத்திரையைப் போட்டால் அதே இடத்தில் மறுபடியும் வரும். சல்பா மாத்திரை, வயிற்றுப் போக்குக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், வலி மாத்திரைகள் ஆகியவற்றால் இது நம் நாட்டில் அடிக்கடி வருகிறது. வலி மாத்திரை போட்ட ராத்திரியெல்லாம் பார்த்து, தப்பாமல் அதே உதட்டில் வந்து உட்காருவதற்கு அம்மனுக்கு வேறு வேலையில்லையா?

இதில் சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று உண்டு. மர்ம ஸ்தானத்தில் இந்தப் புண் வந்தால் மேகநோய் என்று எண்ணி விடுகிறார்கள். ஆணுக்கு வந்தால் மூடி மறைக்கிறான். பெண்ணுக்கு வந்தாலோ, அவள் நடத்தையையே சந்தேகிக்கிறார்கள். தாய் வீட்டுக்குத் துரத்துகிறவர்களும், கோவிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லுகிறவர்களும் இந்த நாட்டில் இல்லையென்று யாராவது நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? மூன்று ரூபாய் மாத்திரை செய்த வேலைக்காக ஒரு பெண்ணின் மானத்தை விலை பேசுகிற சமூகத்திற்கு அறிவு வேண்டாமா? புண்ணைக் கண்டவுடன் பெண்ணைக் கேட்காதீர்கள், மாத்திரையைக் கேளுங்கள் என்று சொல்லுகிறோம்.

மூன்றாவது வகைதான் உயிரைக் குடிப்பது. 1922-ல் நியூயார்க்கில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு டாக்டர்கள், தோலில் பொரிந்து வாயும் கண்ணும் புண்ணாகிப் போன இரண்டு பையன்களைப் பற்றி எழுதினார்கள். அதிலிருந்து அது அவர்கள் பெயரால் வழங்குகிறது. 1956-ல் ஸ்காட்லாந்தில் லயல் என்பவர், வெந்து போனது போல் தோல் பாளம் பாளமாய் உரிகிற கடுமையான நிலையை விவரித்தார். மருந்து ஆரம்பித்த நாலு நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் இது வரும். பத்து லட்சம் பேரில் வருஷத்திற்கு ஒரு சிலருக்குத்தான் வருகிறது. ஆனால் கடுமையாய் வந்தால் நூற்றுக்கு முப்பது பேர் வரை சாகிறார்கள். பிழைத்தவர்களிலும் பார்வை கெட்டுப் போகிறவர்கள் உண்டு. வலிப்பு மாத்திரைகளில் சில, சல்பா, மூட்டு வாத நீருக்குக் கொடுக்கும் அலோபியூரினால், சில வலி மாத்திரைகள் ஆகியவை இதற்கு முக்கியமான காரணங்கள். எந்த நாள் மாத்திரை நிற்கிறதோ, அந்த நாளைப் பொறுத்தது உயிர்.

"படிக்காதவர்கள்தான் இப்படிச் சாகிறார்கள்" என்று பட்டணத்துத் தோழர்கள் எண்ண வேண்டாம். 1998-ம் வருஷத்தில் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு விடுமுறையில் வந்த அனுராதா சாகா என்னும் அம்மையாருக்கு இந்தக் கொடிய நோய் கண்டது. அந்த அம்மையார் மனோதத்துவம் படித்தவர். புருஷர் குணால் சாகாவோ டாக்டர். பார்த்த வைத்தியர்களும் பெயர் பெற்றவர்கள். உடம்பில் நெடுநாள் தங்கி வேலை செய்கிற ஒரு ஸ்டீராய்டு ஊசியை அளவுக்கு மீறிக் கொடுத்தார்கள். நோய் முற்றி, பம்பாய்க்குக் கொண்டு போய், மே மாதம் 28-ந்தேதி அந்த அம்மையார் இறந்து போனார். புருஷர் விடவில்லை. பதினைந்து வருஷம் வழக்காடினார். வைத்தியத்தில் கவனக் குறைவு நடந்தது உண்மை என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. 2013-ல் சுமார் 5 கோடியே 96 லட்ச ரூபாயும் அதற்கு வட்டியும் நஷ்ட ஈடாகக் கொடுக்க உத்தரவாயிற்று. போன உயிர் வரவில்லை. ஆனால் "பெரிய டாக்டர் செய்தால் கேட்கக் கூடாது" என்கிற வேதத்துக்கு அன்று முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது.

தோழர்களே! நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். பூசாரியிடம் கை கட்டி நின்ற பழக்கத்தை நாம் விடவில்லை, ஆளைத்தான் மாற்றிக் கொண்டிருக்கிறோம். "என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்று ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதி சிவப்பும் பாதி கறுப்புமாய் ஒன்று" என்கிறார். பெயர் தெரியாது. மருந்துக் கடையில் "உடம்பு வலிக்கு ரெண்டு வேளைக்குக் கொடுங்க அண்ணாச்சி" என்றால், நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார். பெயரெழுதின பாதி கத்தரியில் போய்விட்டது. டாக்டர் எழுதின சீட்டோ, பூசாரி தகட்டில் கீறின எழுத்துப் போல் அவருக்கும் கடைக்காரருக்கும் மட்டுந்தான் விளங்குகிறது. மருந்தின் மூலப் பெயரைப் படிக்கும்படி, கூடியவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-ல் அப்போதிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் விதி செய்தது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் இன்னவை என்று சட்டமும் ஜாபிதா போட்டிருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. கேட்கிற வாய் நம்மிடத்திலல்லவா இருக்க வேண்டும்? கடலில் கப்பலோட்டுகிற உரிமை வெள்ளைக்காரனுக்கு மட்டுந்தானா என்று 1906-ல் கேட்டுக் கம்பெனி நடத்திய சிதம்பரனார் பிறந்த ஊர் இது. அந்த ஊர்க்காரர்கள், தங்கள் வயிற்றுக்குள் போகிற மாத்திரையின் பெயரைக் கேட்கக் கூச்சப்படலாமா?

இங்கே பார்ப்பனரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக் கொள்ள முடியாது. மாரியம்மன் பூசாரி நம்மவர். வேப்பிலை ஒடிக்கிறவர் நம்மவர். காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் கடைக்காரரும் நம்மவர். "நாட்டு மருந்து ஒன்றும் செய்யாது" என்று சொல்லுகிறவரும் நம்மவரே. ஏன் செய்யாது? சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும் என்பது நம் ஊர்ச் சலவைத் தொழிலாளருக்குத் தெரியாதா? பாஷாணம் சேர்ந்த மருந்தை நெடுநாள் சாப்பிட்டால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப் புள்ளி புள்ளியாய்க் காய்த்துப் போகும். இங்கிலீஷ் மருந்தோ நம் மருந்தோ, உடம்பு தேசாபிமானம் பார்ப்பதில்லை.

இதோடு சேர்த்து, நாமே விலை கொடுத்து வாங்குகிற ஒரு தோல் கேட்டையும் சொல்ல வேண்டும். சிவப்பாக வேண்டுமென்று பெண்களும் பிள்ளைகளும் பூசுகிற களிம்புகளில் சிலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. சில நாள் முகம் வெளுத்தாற்போல் இருக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரிந்து, பரு கிளம்பி, பெண்களுக்கு மீசை தாடி முளைக்க ஆரம்பிக்கும். நிறுத்தினால் முன்னிலும் மோசமாகும். படர்தாமரைக்குப் பூசினால் அது அடங்கினது போலிருந்து ஊரெல்லாம் படரும். 2018-ல் சர்க்கார் இப்படிப்பட்ட களிம்புகளில் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று உத்தரவு போட்டார்கள். கரிசல் மண்ணைக் கறுப்பென்று யாராவது வெறுக்கிறார்களா? மண் கறுத்திருந்தால் விலை அதிகம், பெண் கறுத்திருந்தால் வரதட்சணை அதிகம் என்பது என்ன நியாயம்? அந்த அநியாயம் இருக்கிறவரை இந்தக் களிம்பு விற்றுக் கொண்டுதானிருக்கும்.

இவ்வளவும் சொன்னதால், "ஆகவே மருந்தே வேண்டாம்" என்று யாராவது எழுந்து போனால் அவர் நாம் சொன்னதைத் தலைகீழாய் எடுத்துக் கொண்டவராவார். மருந்தால்தான் காசநோயும் குஷ்டமும் குணமாகின்றன. கோடிக்கணக்கான பேர் சாப்பிட்டுப் பிழைக்கிறார்கள். சிலருக்கு ஆகவில்லையென்றால், யாருக்கு ஆகாது என்று கண்டு மாற்றிக் கொடுப்பதுதான் அறிவு. வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் வலிப்பே கொன்றுவிடும். நிறுத்துவதும், வேறு கொடுப்பதும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டிய காரியம். அதிலும் ஒரு வலிப்பு மாத்திரை ஆகாதவருக்கு அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றும் ஆகாமல் போகலாம். அதனால்தான் பெயர், பெயர் என்று அடித்துக் கொள்ளுகிறோம்.

மருந்தின் குற்றத்தைக் கண்டுபிடிப்பதும் உங்களால் ஆகிற காரியமே. 1961-ல், கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைட் என்னும் மாத்திரையால் கை கால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்காய்ப் பிறந்தது வெளிப்பட்டது. அதற்குப் பிறகே, மருந்தால் வருகிற கெடுதலை ஒவ்வொரு தேசத்திலும் எழுதிச் சேர்க்கிற ஏற்பாடு 1968-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தால் தொடங்கிற்று. இந்தியாவில் 2010-ல் சர்க்கார் இதற்கென ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். வந்து சேர்ந்த புகார்களைப் பார்த்துத்தான், மாதவிலக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கிற மெபனமிக் ஆசிட் மாத்திரையால் சிலருக்குத் தோல் பொரிந்து ஈரல் முதலிய உள்ளுறுப்புகளும் கெடுவதாய் 2023 நவம்பரில் எச்சரிக்கை விட்டார்கள். புகார் எழுதுகிற பாரம் தமிழிலும் உண்டு. 1800-180-3024 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் டெலிபோனிலும் சொல்லலாம். உண்டியலில் காசு போட்டு அம்மனிடம் முறையிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளை பிழைக்காது. இந்தப் பாரத்தில் ஒரு வரி எழுதினால் முகம் தெரியாத எத்தனையோ பிள்ளைகள் பிழைக்க வழியுண்டு.

கடைசியாக, வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லி விடுகிறோம். மாத்திரை வாங்கினால் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். அட்டையை எறியாதீர்கள். தோலில் ஏதாவது கண்டால் கடந்த இரண்டு மாதத்தில் என்னென்ன சாப்பிட்டோம் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். தோல் எரிந்தாலோ, வாயிலும் கண்ணிலும் புண் கண்டாலோ, கொப்புளித்தாலோ, முகம் வீங்கினாலோ, காய்ச்சலோடு பொரிந்தாலோ, ஒரு ராத்திரி கூடப் பொறுக்காமல் 108 வண்டியைக் கூப்பிட்டு, மாத்திரை அட்டையைக் கையிலெடுத்துக் கொண்டு, தூத்துக்குடி, பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேருங்கள். உரிந்த தோலில் வேப்பிலையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். ஆகாத மருந்தின் பெயரை ஒரு சீட்டில் பெரிதாய் எழுதி ரேஷன் கார்டோடு வைத்து, எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் அதை நீட்டுங்கள். டாக்டர் கோபித்துக் கொண்டால் கோபித்துக் கொள்ளட்டும். தோல் உங்களுடையது.

தாய்மார்களே! வாசலில் வேப்பங்குலை செருகுகிற கை உங்களுடையதாய் இருப்பதால், அதை நிறுத்துகிற கையும் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளையின் மேல் சிவந்ததைப் பார்த்தவுடன் கைகூப்பாமல், "இவன் என்ன மாத்திரை சாப்பிட்டான்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்விதான் நாம் இங்கு இன்று பேசிய சுயமரியாதை.